சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம்

காலை ஆறு இருபது. வில்லிவாக்கம்.
ஹேமாவதி அம்மாவின் இடது கையில்
முதல் குத்து. வெறும் வயிறு.
"டிபன் முடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு வரேன்,
நடுவுல காபி கூடாது."
லிஃப்ட் இல்லை. மூன்று மாடி இறங்கினேன்,
ஐஸ் பெட்டி இடுப்பில் இடிக்க.

எனக்கும் வெறும் வயிறுதான்.
டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி
அதன் மேலேயே உட்கார்ந்தேன்.
இன்னும் பதினாலு தவணை கட்டினால்
இந்த சீட் எனக்குச் சொந்தம்.

எட்டு மணிக்கு முன்னால் கூப்பிட மாட்டார்கள்,
அப்படி ஒரு விதியாம்.
எட்டு மணிவரை நான் நல்லவள்.

பதினோரு மாதமாய்த் திறக்காத ஸ்டேட்மென்ட்.
பாஸ்வேர்ட்: பெயரில் முதல் நாலு எழுத்து,
பிறந்த வருஷம்.
என்னை அடித்துத்தான் என்னைத் திறக்க வேண்டும்.
திறந்தேன்.

பெரிய கார்டு ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டு.
அதைக் கட்ட எடுத்த சின்ன கார்டு எழுபத்து நாலரை.
அதைக் கட்ட இறக்கிய இரண்டு ஆப், முப்பத்தெட்டு.
வண்டி. அடகுக் கடையில் செயின், எண்பத்தாறு.
ரிஹானாவிடம் நாற்பது.
கூட்டினேன். கீழிருந்து மேலே மறுபடி கூட்டினேன்.
நாலு லட்சத்து எண்பத்தைந்தாயிரத்து
அறுநூற்று அறுபது.
அந்த அறுபதுதான் என்னவோ செய்தது.

யாருக்காவது ஆபரேஷன் என்றிருந்தால் சொல்லிக்கொள்ளலாம்.
தங்கை கல்யாணம் என்றால் கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள்.
எனக்கு அப்படி ஒரு கதை இல்லை.
ஒரு போன். பாதியில் விட்ட ஒரு கோர்ஸ்.
பாண்டிச்சேரி, மூன்று தடவை.
மழை ராத்திரிகளில் வரவழைத்த பிரியாணிக்கு
மாதம் மூன்றரை வட்டி,
இன்னும் செரிக்கவில்லை.

என் தொழிலில் ஒன்று உண்டு:
கண்ணுக்குத் தெரிகிற நரம்பை நம்பக் கூடாது.
நீலமாய்ப் புடைத்து ஆசை காட்டும்,
ஊசி தொட்டதும் நழுவும்.
விரலுக்குத் தட்டுப்படுவதில்தான் குத்த வேண்டும்.

சத்தம் போடுகிற கடன்கள் கண்ணுக்குத் தெரிகின்றன.
சத்தமே இல்லாமல் லேப் கவுண்டரில்
டோக்கன் கிழித்துக்கொண்டிருக்கிறாள் ரிஹானா.
மூன்று மாதமாய் நாங்கள் சேர்ந்து சாப்பிடவில்லை.
அவள் கேட்டதே இல்லை.
நான்தான் ஷிப்ட் மாற்றிக்கொண்டேன்.

டீ ஆறிவிட்டது.

செயினை மீட்கப் போவதில்லை, விற்கப் போகிறேன்.
இந்த ஒரு வரி எழுதக் கால்மணி நேரம்.
சீட்டு கட்டி நானே வாங்கியது, யாரும் போட்டதில்லை,
யாரிடமும் கேட்க வேண்டாம்.
யாரிடமும் சொல்லி அழவும் முடியாது.
அடகு போக ஐம்பத்து நாலு நிற்கும்.
இரண்டு ஆப்பும் ஒழியும்,
மிச்சம் பதினாறு சின்ன கார்டுக்கு.
பெரியதைத் தவணையாய் மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.
"பாதி கட்டுங்க, முடிச்சிடலாம்" என்று
வாய்ஸ் மெசேஜில் சொல்கிறான் கோகுல்.
எந்த முடிச்சைப் போடப் போகிறான், தெரியவில்லை.
எழுத்தில் கேட்பேன்.

ரிஹானாவுக்கு ஒன்றாம் தேதி இரண்டாயிரம்.
எல்லோருக்கும் முன்னால். இருபது மாதம்.
வட்டி இல்லாத கடனை முதலில் அடைப்பது
கணக்குப்படி தப்பு.
தெரியும்.
அடிக்கோடு போட்டேன்.

எட்டு மணி இரண்டு நிமிடம்,
போன் துடிக்கத் தொடங்கியது.

"ரெண்டே இட்லிதாம்மா" என்கிறார் ஹேமாவதி அம்மா.
தட்டோரம் வடைத் துணுக்கு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்கென்ன யோக்கியதை.
வலது கை. விரலால் தேடி, ஒரே குத்து.
ஸ்டிக்கரில் நேரம் எழுதினேன்: 8.40.
மறுபடி துடித்தது, பைக்குள்.
"எடும்மா, யாரோ அவசரம் போல."

பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு
இறங்கினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில்
எடுத்தேன்.
"சொல்லுங்க கோகுல்."

அந்தப் பக்கம் ஒரு நொடி பேச்சில்லை.
இத்தனை மாதத்தில்
என் குரலை அவன் கேட்டதே இல்லை.