சிவப்பு நட்சத்திரம்

ஊபியில் எட்டாம் மாடி, என் அலுவலகம்.
கீழே கார்ப் பட்டறை. மழை வருமுன்
டயர் வாசம்தான் முதலில் ஏறி வரும்.
நான்கு மேசை, ஒரு பிரின்டர்,
சாமி படத்துக்குப் பக்கத்தில் வாடகை நோட்டீஸ்.
என்னை முதலாளி என்று கூப்பிடுவது
தே ஓ கொண்டுவரும் ஆ ஹுவாட் மட்டும்,
அதுவும் கிண்டலாக.

சனிக்கிழமை மூன்று மணிக்கு
கிசுமுவில் காலை பத்து.
தையல் கடை மாடியில் அடியாம்போ
பதினொரு பெண்களை உட்கார வைத்திருப்பாள்.
அவளும் என் சாதிதான்: கடனில் கம்பெனி,
போன மாதச் சம்பளத்தை இந்த மாதம் கொடுக்கிறவள்.
சன்டெக் மாநாட்டில்
யாரும் வந்து பேசாத இரண்டு பேர்
ஒரே மேசையில் மாட்டிக்கொண்டோம்.
சமோசாவைக் காட்டி, "எங்கள் சம்பூசா" என்றாள்.
இல்லை என்றேன். அப்படித் தொடங்கியது.

சிம் லிம்மில் பேரம் பேசி, பேட்டரி மாற்றி
நான் அனுப்பிய பழைய மடிக்கணினி பதினான்கு.
மூன்று வழியிலேயே செத்தன.
ஒன்றில் 'எஸ்' விசை வேலை செய்யாது.
அதைக் கேட்டு வாங்கிக்கொண்டவள் அக்கின்யி.
காலையில் பிறந்தவள் என்று பொருளாம்.
எஸ் தேவைப்படும் போதெல்லாம்
வேறெங்கிருந்தோ வெட்டி எடுத்து ஒட்டுவாள்.
அந்தப் பொறுமை எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

கணக்கு மென்பொருளில் இதெல்லாம்
'உதவி' என்ற வரியில் போகும்.
அதைத் தட்டும்போது முதுகு நிமிரும்,
பொய் சொல்வானேன்.

ஜூலையில் ஒரு செயலியைச் சோதிக்கக் கொடுத்தேன்.
கிளினிக்கில் வரிசை எண் எடுப்பது.
பயிற்சிக்காகத்தான்.
பிழை இருக்காது என்ற நினைப்பு எனக்கு.

திரையில் அக்கின்யி:
"குடும்பப் பெயர்க் கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கிறது.
எனக்கு ஒரு பெயர்தான்.
இன்னொன்று போன வருஷம்
வீட்டைவிட்டுப் போய்விட்டது.
அதைப் போடாமல் எனக்குக் காய்ச்சல் வரக்கூடாதா?"

ஏரிக் காற்றில் தகரம் ஒன்று அடித்துக்கொண்டிருந்தது,
அவள் பக்கத்தில்.
என் பக்கத்தில் ஏர்கான்.

என் அடையாள அட்டையில்
மங்கையர்க்கரசிக்கும் அப்பாவுக்கும் நடுவே
டி, ஒரு சாய்கோடு, ஓ.
இன்னாரின் மகள்.
அந்தக் கோட்டை எந்தக் கட்டமும் ஏற்றதில்லை.
விமானச் சீட்டில் நான் 'டூ'.
பாலிகிளினிக்கில் அப்பா பெயரைத்தான் கூப்பிட்டார்கள்;
செத்து ஒன்பது வருஷமான மனுஷனுக்காக
எழுந்து போய்
ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டேன்.

அந்த நான்தான் நட்சத்திரத்தை வைத்தவள்.
வை என்று யாரும் சொல்லவில்லை.
பழைய வேலையிடத்து வரியை
அப்படியே எடுத்து ஒட்டினேன்.
அக்கின்யியும் ஒட்டுகிறவள்தான்.
ஆனால் அவள்
பார்த்து ஒட்டுவாள்.

அன்றிரவு அழித்தேன். ஒரு வரி, நாலு நொடி.
உடனே பதினேழு இடத்தில் உடைந்தது.
எல்லாவற்றையும் அந்த ஒரு பெயரின் மேல்
கட்டி வைத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.
முதல் பேருந்து கிளம்பும் நேரத்துக்குத்தான்
பெயர் ஒன்று மட்டும் உள்ள ஒரு பெண்
என் செயலிக்குள் நுழைய முடிந்தது.

திங்கட்கிழமை மின்னஞ்சல்.
இன்வாய்ஸ் எண் ஒன்று.
'பிழை கண்டுபிடித்த வகையில்
நூற்றிருபது வெள்ளி. முப்பது நாளுக்குள்.'
அடியில் அன்றைய மாற்று விகிதம்,
இரண்டு தசம இடம்வரை.
அடியாம்போவைக் கூப்பிட்டேன். சிரித்தாள்.
"நான் ஐம்பதுதான் போடச் சொன்னேன்."

அன்றே கட்டினேன்.
'உதவி'யில் போடப் போன விரல் நின்றது.
மேலே போய், விற்பனையாளர் பட்டியலைத் திறந்தேன்:
காகிதக் கடை, மின்சாரம், ஆ ஹுவாட்.
புதிதாக ஒருவர் என்று தட்டி
அக்கின்யி என்று எழுதினேன்.

குடும்பப் பெயர்? என்றது அது,
சிவப்பு நட்சத்திரத்தோடு.

அந்தக் கம்பெனிக்குத்தான் இப்போது
எழுதிக்கொண்டிருக்கிறேன்.
என்ன விலை போடுவது என்று
கிசுமுவில் விடிந்ததும் கேட்க வேண்டும்.