கோரம்

கோரம் என்றால் எங்கள் சொசைட்டியில் இருபது தலை.
ஒருமுறை நோட்டீசைத் தமிழில் எழுதிப் பார்த்தேன்.
எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

முலுண்டு கிழக்கு. ஐம்பத்தாறு வீடு.
கீழ்த்தளத்துக் கார்களைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு
முப்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறோம்.
எட்டு மணிக்கு ஏழு பேர்.

இதற்கும் விதி இருக்கிறது:
ஆள் குறைந்தால் அரைமணி நேரம் ஒத்திவை.
அதே இடம், அதே நாற்காலி, அதே ஏழு பேர்,
எட்டரைக்குப் போதுமானவர்கள் ஆகிவிடுவோம்.

நான் செயலாளர்.
போட்டியின்றித் தேர்வானேன் என்று புத்தகத்தில் இருக்கிறது.
அந்நேரம் அடுப்பை அணைக்க மேலே போயிருந்தேன்
என்பது இல்லை.

அரைமணி நேரமும் யாரும் எதுவும் பேசக்கூடாது,
பேசினால் அது கூட்டமாகிவிடும்
என்கிறார் தலைவர் கேணி.
ஹஸ்முக்பாய் சிங்கிங் ஃபண்டை விரல்களில் எண்ணுகிறார்.
மேல்தொட்டி ஒழுகுவது இங்கேவரை கேட்கிறது.
அது ஆறாவது பொருள், காத்திருக்க வேண்டும்.
கேட்டில் கூரியர் பையன்கள் கையெழுத்துப் போடுகிறார்கள்;
ராம்கிலாவன் பதிவேட்டில் இன்றைக்கு மட்டும் தொண்ணூற்று நாலு.
அவர்களை உட்காரவைத்தால்
அவர்கள் ஏறக்கூடாத லிஃப்டைக்கூட மாற்றிவிடலாம்.
வாட்ஸ்அப்பில் நள்ளிரவுவரை கொதித்த 204
நாயோடு எங்களைத் தாண்டிப் போகிறார்.
ஆரம்பிச்சாச்சா, என்கிறார்
நிற்காமல்.

எட்டாவது நாற்காலியில் ஷுபாங்கி பருலேகர்.
அவளை எண்ண முடியாது.
பங்குப் பத்திரம் இன்னும் வசந்த் பருலேகர் பெயரில்.
வசந்த் மார்ச்சில் போய்விட்டார்.
நோட்டீஸ் போர்டில் இருக்கிறார்:
பாக்கிதாரர் பட்டியல், மூன்றாவது வரி,
நாற்பத்தோராயிரத்து இருநூறு, வட்டி தனி.
ஒட்டியது நான்தான். நாலு மூலைக்கும் குண்டூசி.

காசோலையை நீட்டினாள்.
பட்டியலை நாளைக்கே எடுத்துவிடுகிறேன் என்றேன்
என் ஓட்டை மராத்தியில்.
இருக்கட்டும், என்றாள்.
பேங்கில் எடுத்துட்டாங்க, ரேஷன் கார்டில் எடுத்துட்டாங்க,
கதவில் இருந்ததை மகனே கழற்றிட்டான்.
உங்க லிஸ்டில்தான் பேர் சரியா இருக்கு,
இனிஷியல்கூடத் தப்பில்லாம.
அடுத்த மாசம் எடுங்க.

எட்டரை.
கேணி தொண்டையைச் செருமினார்.
ஒன்று முதல் ஒன்பதுவரை பதினோரு நிமிடம்.
தொட்டிக்குப் பதினாலு லட்சம், ஏகமனதாக.
வாட்ச்மேன் சம்பளம் அடுத்த வருடம் பார்ப்போம், ஏகமனதாக.
டீ கொண்டுவந்தவன் ராம்கிலாவன்.
ஐம்பத்தாறு வீட்டுக்கு ஒரே மனது,
அதுவும் சாப்பிடப் போகிற அவசரத்தில்.

இரவு மினிட்ஸ் எழுதுகிறேன்.
'ஒத்திவைக்கப்பட்டு, மீண்டும் கூடியது.'
நடுவில் ஒரு காற்புள்ளி.
அதற்குள்தான் ஷுபாங்கி உட்கார்ந்திருந்தாள்,
கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு,
முழு அரைமணி நேரமும்.

புதுப் பட்டியலை அச்செடுத்தேன்.
மூன்றாவது வரி:
வி. ஜி. பருலேகர், 403.
பாக்கி 0.00.

ஆடிட்டர் கேட்பார்.
அவர் வர ஜூலை ஆகும்.