பத்துக்குப் பத்து

பதினைந்து வெள்ளி. மதியச் சாப்பாடு கையோடு.
கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.
பாரம் கொடுத்தது டீச்சர்.
பேச்சு வாங்கியது வேன்காரி நான்.

"காட்டைப் பார்க்கக் காசா?
காட்டை அழிக்கத்தானேம்மா
எங்க பாட்டனைக் கப்பலேத்திக் கொண்டாந்தான்!"
லோகபாலனின் அப்பா சொல்லிவிட்டுச் சிரித்தார்.
பிறகு என் பேனாவையே வாங்கிக்
கையெழுத்துப் போட்டார்.
பேனா திரும்பி வரவில்லை.

விடியுமுன் பதிமூன்று பேர்.
சுங்காய் பட்டணத்தின் கடைசி விளக்கு,
எண்ணெய் ஆலையின் புகை,
அப்புறம் செம்பனை.
இருபது நிமிடம் இருபுறமும்
ஒரே மரம், ஒரே மரம், ஒரே மரம்,
அவ்வப்போது ஒரு நம்பர் பலகை.
யாரும் வெளியே பார்க்கவில்லை.
யஷ்வினி மட்டும் ஜன்னலைத் திறந்தாள்,
வாந்தி எடுக்க.

தார் முடிந்த இடத்தில் ரீனா நின்றிருந்தாள்.
செமாய்ப் பெண், பத்தொன்பது வயது,
கறுப்பு ரப்பர் சப்பாத்து.
நான் வேனிலேயே இருக்கிறேன் என்றேன்.
"அக்கா, வேனை யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க"
என்று பின்சீட்டு சொன்னது.
இறங்கினேன்.

உள்ளே போனதும் முதலில் தொலைந்தது நிரை.
எந்தப் பக்கம் திரும்பினாலும்
கோடு போட்டு நிற்கிற எதுவும் இல்லை.
ஒன்று சாய்ந்து, ஒன்று அதன்மேல் ஏறி,
விழுந்து கிடப்பதன் முதுகில் இன்னொன்று.
பிள்ளைகள் கைகோத்துக்கொண்டார்கள்.
புலி இருக்கா என்று கேட்டவன்
பதில் வருமுன் என் பின்னால் வந்துவிட்டான்.
எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

இளஞ்சிவப்பு ராஃபியா கயிறு, நான்கு குச்சி,
பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர்.
இதற்குள் எத்தனை வகைச் செடி, எண்ணுங்கள்.

தோட்டத்தில் இந்தக் கணக்குக்கு விடை ஒன்று.
மருந்தடிக்காத வாரமென்றால் ஒன்றரை.
இங்கே நாற்பத்து மூன்றில் பென்சில் முறிந்தது.
முகிலனின் கணுக்காலில் அட்டை.
"இதையும் சேர்க்கலாமா டீச்சர்?"
அழுதுகொண்டேதான் கேட்டான்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தபோது
குனிந்திருந்தவன் துர்கேஷ்.
வகுப்பில் மூன்றாவது மேசையில் தூங்குகிறவன்.
சனி ஞாயிறு அம்மாவோடு
குலையிலிருந்து சிதறிய உதிரிப் பழம் பொறுக்கி
மூட்டை கட்டுகிறவன்.
சருகுக்குள் அவன் விரல் போய்ப் போய் வந்தது.
இறக்கை வைத்த விதை ஒன்று,
ஏதோ பல் கடித்துப் பார்த்த விதை,
தொப்பி போட்டது,
வெள்ளை நூலாய் வேர் விடத் தொடங்கியது.
மற்றவர்கள் இரண்டு தேடுமுன்
அவன் உள்ளங்கையில் பதினொன்று.

எங்கே கற்றாய் என்று ரீனா மலாயில் கேட்டாள்.
சப்பாத்து நுனியால் மண்ணைக் கீறினான்.
"சாவிட்" என்றான்,
திருடியதை ஒப்புக்கொள்கிறவன் குரலில்.
அவள் அவன் பக்கத்தில் குந்தினாள்.
எப்படிப் பார்க்கிறாய், காட்டு.

ஒரே இடத்தை முறைக்கக்கூடாதாம்.
கண்ணைக் கொஞ்சம் தளர்த்தி விட்டால்
சேராத நிறம் தானே எழுந்து வருமாம்.
அவ்வளவு பேச்சு அவனிடம் இருந்ததை
இரண்டு வருடமாய் ஏற்றி இறக்கும்
எனக்கே தெரியாது.

எதையும் எடுத்துப் போகக்கூடாது என்பது சட்டம்.
பதினொன்றையும் திரும்ப வைத்தான்,
எடுத்த எடுத்த இடத்தில்.
மறக்கவில்லை, ஒன்றைக்கூட.

திங்கட்கிழமை ஆலை வளைவில் பிரேக் போட்டேன்.
சீட்டுக்கடியில் ஏதோ உருண்டு
என் காலருகே வந்து நின்றது.
கட்டைவிரல் அளவு. பழுப்பு. ஒற்றை இறக்கை.
பன்னிரண்டாவது.
யார் என்று நான் கேட்கவில்லை.
கண்ணாடியில் பார்த்தேன்:
எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம்.
ஆற்றோரம் தோட்டம் நடாமல் விட்ட
அந்த மெலிந்த பச்சைத் துண்டு வந்துகொண்டிருந்தது.
தினமும் வருவதுதான்.

"மெதுவா அக்கா" என்றது பின்சீட்டு.
ஏழு இருபத்தைந்துக்கு மணி அடித்துவிடும்.
இரண்டாம் கியருக்கு வந்தேன்.