கணையம்

திருகோணமலை ஆஸ்பத்திரி, பன்னிரண்டாம் அறை.
டொக்டர் ஹேரத்துக்கும் வாசலில் நிற்கும் தமிழுக்கும் நடுவில்
ஒரு ஸ்டூல்.
அதுதான் என் உத்தியோகம்.

சல்லியிலிருந்து வந்த கதிர்காமத்தம்பி
சங்கத் தேர்தலில் மூக்குடைபட்ட கதையைச் சொன்னார்.
அவசரத்தில் நான் அப்படியே சிங்களத்தில் போட
டொக்டர் எக்ஸ்ரே துண்டை எழுதி நீட்டினார்.
மனுசன் போய்ப் படமும் எடுத்து வந்தார்:
"எலும்பு சரியாம். பிறகேன் நோகுது?"

கிண்ணியாவிலிருந்து அவ்வாஉம்மா:
"என்ட மகன் கைவிட்டுட்டான்."
எந்தக் கை, என்றார் டொக்டர். இடதா?
அவ இரண்டு கையையும் எடுத்து மேசையில் வைத்தா.
அன்றைக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.

பின்னேரம், கடைசித் துண்டும் போன பிறகு
கொப்பியைத் திறந்து கேட்டார்:
உங்கள் ஆட்களுக்குக் கை விடுகிறது, வயிறு எரிகிறது,
ஈரக்குலை நடுங்குகிறது.
கணையம் மட்டும் ஏன் ஒன்றுமே செய்வதில்லை?

மட்டிக்களிச் சந்தியில் பஸ் நின்றது.
இறைச்சிக்கடைக் கொளுக்கியில் ஈரல்.
ஈரலை நாம் கண்டிருக்கிறோம், கழுவியிருக்கிறோம்,
விலை கூட என்று திரும்பியிருக்கிறோம்.
கணையத்தை யார் கண்டது?
வெள்ளைக் கோட்டோடு வந்த சொல்,
வீட்டுக்குள்ளும் கோட்டைக் கழற்றாத சொல்.
சாண் ஏற முழம் சறுக்கும்;
சென்ரிமீற்றர் ஏறிச் சறுக்கியவர் உண்டா?
உட்துறைமுகத்தின் ஆழத்தை
நேவிக்காரர் மீற்றரில் எழுதி வைத்திருக்கிறார்கள்.
ஆழமான ஆள் என்று யாரையாவது சொல்லும்போது
எனக்குள் இறங்குவதோ
இரு கை விரித்துப் பாகம் பாகமாய் விடுகிற கயிறு.

விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.
பஸ் எடுக்கும்போது பார்த்தால்
அடுத்த கொளுக்கியில் குண்டிக்காய்.
அதையும் கண்டிருக்கிறோம், கறி வைத்திருக்கிறோம்.
ஒரு துக்கத்துக்காவது அது வந்ததுண்டா?

நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.
நாளை மாசமாயிற்று.
குருநாகலுக்கு மாற்றல் கடிதம் வந்த அன்று
கொட்டியாரக்குடாப் பக்கம் மழை கறுத்து நின்றது.
டொக்டர் அதை நாலாய் மடித்துப் பையில் வைத்தார்.
எதிரே அவ்வாஉம்மா, பிரஷர் கார்ட்டோடு.
என்னைப் பாராமல், தன் உடைந்த தமிழில்,
"அம்மா, நான் போறது. கணையம் எரியுது."

கணையம் எங்கே இருக்கிறதென்று
அவ என்னிடம் கேட்கவில்லை.
"எரியத்தானே செய்யும் மகன்,"
என்றா.