மாதிரி முத்திரை இல்லை

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர்,
காலை ஆறு நாற்பது வண்டி.
மடியில் அட்டைப்பெட்டி,
அதற்குள் தனுஷ்கோடியின் தொடையெலும்பில் ஒரு சாண்.
காலடியில் பாமணி ஆறு, ஒரு லிட்டர்.

கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார்,
அரக்கைப் பார்த்தார், என் தொப்பியைப் பார்த்தார்.
லக்கேஜ் கேட்கவில்லை.
பக்கத்து சீட்டுக் குழந்தை பாட்டிலுக்குக் கை நீட்டியது.
"அது கேஸுத் தண்ணி, பாப்பா."
அதன் அம்மா கால்களை ஒடுக்கிக்கொண்டாள்.

'நீரில் மூழ்கி' என்று எழுதியது நான்,
கையெழுத்து எஸ்.ஐ.
மேட்டூர்த் தண்ணீர் எங்கள் மதகைத் தொட்டது
வெள்ளி விடியல் நாலரைக்கு,
லஸ்கர் ஞானசேகரம் நோட்டில் நேரம் இருக்கிறது.
வியாழன் இருட்டும்வரை அங்கே மணல், கருவை, ஆடுகள்.
ஐந்தே முக்காலுக்கு அவன் மிதந்தான்.

மூழ்கியவன் மேலே வர இரண்டு நாளாகும்.
டாக்டர் சொல்லவில்லை இதை,
வலை போடும் அந்தோணிராசு சொன்னான்,
பீடியை அணைக்காமலே.

மூழ்குகிறவன் கை கோரையைப் பிடிக்கும்.
இவன் கை விரிந்தே இருந்தது.
நகக்கண்ணில் கொஞ்சம் சிவப்பு.
செங்கல் தூளா, பெயின்டா,
நான் சொல்லக் கூடாது.

எலும்பு சொல்லும் என்கிறார்கள்.
மூச்சோடு உள்ளே போன தண்ணீரில்
கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்குமாம்,
கண்ணாடி ஓடு போட்டது,
அமிலத்திலும் கரையாதது.
இதயம் அடித்தால்தான்
மஜ்ஜைவரை அதைத் தள்ளிக்கொண்டு போகும்.
நின்ற பிறகு போட்டிருந்தால்
ஆறு வாசலோடு சரி.

பால் தெளித்த அன்று
சாம்பல் ஒட்டிய விரல்களோடு
இந்திராணி ஸ்டேஷனுக்கு வந்தாள்.
"வலது தொடை குறையுது. யாரு எடுத்தா?"
"தஞ்சாவூருக்கு அனுப்பணும்மா."
பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுபோல்
தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஆய்வகக் கவுன்டரில்
அரக்கு சரி, எண் சரி, கோர்ட்டுக் கடிதம் சரி.
"மாதிரி முத்திரை எங்க?"
அரக்கில் குத்திய அதே முத்திரை
ஒரு தாளிலும் வேண்டும்.
தாள் மேஜை டிராயரில் கிடக்கிறது,
டிராயர் மன்னார்குடியில் இருக்கிறது.
"நாளைக்கு வாங்க."

வடுவூர் தாண்டி அதே கண்டக்டர்,
"என்ன மேடம், வாங்கிக்கலையா?"

பாலத்தில் வண்டி ஏறியபோது
ஆறு கரை தொட்டு ஓடியது.
ஆடுகள் நின்ற இடம் எது,
அவன் கிடந்த இடம் எது,
இனி யாரும் குறி வைக்க முடியாது.
பெட்டி சரியாமல் பிடித்துக்கொண்டேன்.

பாட்டிலில் வண்டல் அடியில் இறங்கியிருந்தது.
குழந்தை கேட்டதில் தப்பில்லை.
குடிக்கலாம் போலத்தான்
தெளிந்திருந்தது.