நாலு தொட்டி

பள்ளிகொண்டா தாண்டி, பாலாற்று மணலுக்கு மேட்டில்
என் கொட்டகை. பன்னிரண்டு காளைக்கன்று.
மும்மூன்றாய்ப் பிரித்துக் கட்டினேன்.
வட்டி ஏறுகிற வேகத்தில்
சதையும் ஏறுகிறதா என்று
எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

முதல் தொட்டிக்கு மக்காச்சோளம், பாதியாய் உடைத்தது.
மூட்டையைப் பிரித்தால் மஞ்சள் தூசி மூக்குத்திவரை ஏறும்.
அடுத்ததற்குக் கம்பு.
சின்ன மணிதானே என்று முதல் வாரம் முழுசாய்ப் போட்டேன்,
சாணத்தில் அப்படியே வந்தது.
கோழிகள் என்னை வாழ்த்தின.
மூன்றாவது வெள்ளைச் சோளம்.
நாலாவதற்கு ஆரணி மில் குருணை.

குருணை அள்ளும்போது மட்டும் கை தயங்கும்.
பிள்ளை பெற்ற மாதம் நான் குடித்த கஞ்சி அதுதான்.
கன்றுக்கு என்ன தெரியும்,
முகத்தைப் புதைத்து மூச்சு விடும்,
வெள்ளை மாவு பறக்கும்.

பதினோராம் நாள் அந்தத் தொட்டியில் ஒன்று
இடது வயிறு உப்பி, தலையைத் தொங்கப்போட்டு நின்றது.
டாக்டர் ஃபரீதா ஸ்கூட்டரை நிறுத்துமுன்பே கேட்டார்:
"வைக்கோல் எவ்வளவு?"
நான் தானியக் கணக்குதான் வைத்திருந்தேன்.
ஆப்பசோடா கரைத்துப் புகட்டினோம்.
அன்றிலிருந்து வைக்கோலுக்கும்
நோட்டில் ஒரு கட்டம்.

நாற்பத்தைந்தாம் நாள் நாடா போட்டு மார்பை அளந்தேன்.
சோளம் சுமார். குருணை, பிழைத்ததே லாபம்.
மக்காச்சோளம்தான் முந்தும் என்று
பென்சிலால் முன்னமே எழுதி வைத்திருந்தேன்.
கம்பு அதை ஒட்டி நின்றது,
விரல்கடை வித்தியாசம் இல்லை.
விலையைப் போட்டுப் பார்த்தேன். திரும்பவும் போட்டேன்.
குடியாத்தத்துக் கடைக்குச் சொல்லி
பத்து மூட்டை கம்பு இறக்க
ஃபோனை எடுத்துவிட்டேன்.

யேசுபாதம் துண்டை முறுக்கிக்கொண்டு வந்து நின்றான்.
"கம்புத் தொட்டியில சுட்டி கீதே, நெத்தி வெள்ளை,
அது பக்கத்துத் தொட்டியவே பாத்துக்கினு நின்னுச்சிக்கா.
ராத்திரில ரெண்டு படி மஞ்சள அள்ளிப் போட்டேன்.
அதுக்கு மட்டும் போட்டா மத்த ரெண்டும் பாக்குமே,
அதுங்களுக்கும்தான்."

எத்தனை ராத்திரி என்றேன்.
எண்ணத் தொடங்கினான்.
விரல் போதவில்லை.

கம்புக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டேன்,
பக்கத்தில் அவன் பெயர்.

செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தை.
வியாபாரிக்கு என் கையைப் பிடிக்கக் கூச்சம்.
துண்டுக்கடியில் யேசுபாதத்தின் விரல்களைப் பிடித்தார்,
அந்தப் போதாத விரல்களை.
வாலடியை அழுத்தினார், விலாவைத் தடவினார்,
என்ன தின்றது என்று கேட்கவில்லை.
மற்றதைவிட ஆயிரத்து இருநூறு கூடப் போனது சுட்டி.
லாரியில் ஏறும்வரை யேசுபாதம்
டீக்கடைப் பக்கமே திரும்பி நின்றான்.

மறுவாரம் புதுக்கன்றுகள், அதே நாலு தொட்டி.
மக்காச்சோள அறைச் சாவியைக் கேட்டேன்.
ஒரு பேச்சுப் பேசாமல் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

இன்னொரு சாவி இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.