கசக்காத மூட்டை

செம்பனை கல் தின்னும்.
சுங்கை சிப்புட் கடைத்தெருவில் சொன்னால் சிரிப்பார்கள்.
லாரியிலிருந்து இறங்குவதெல்லாம் கல்தான்,
பொடித்த கல், மூட்டையில் தைத்த கல்.
அதை மரத்துக்குப் பரிமாறுகிறவள் நான்,
நிரைக்கு நிரை, மரத்துக்கு இரண்டு குவளை,
பதினோரு வருடமாய்.

சிவப்பாய் இருப்பது பொட்டாஷ்.
எங்கோ ஒரு கடல் செத்து, உலர்ந்து,
மண்ணுக்கடியில் உப்பாய்ப் படுத்துக் கிடந்ததாம்.
வெட்டுக்காயத்தில் பட்டால் தெரியும்
அந்தக் கடலுக்கு இன்னும் உயிர் இருப்பது.
பாஸ்பேட்டு பழுப்பு. மூக்குக்குள் குடியேறி
இரவு இருமலில் வெளியே வரும்.
போரான் ஒரு சிட்டிகை போதும்,
கை தாராளமானால் குருத்து கருகும்.
சாம்பல் படிந்த வெள்ளையில் வருவது கீசரைட்டு.
நாக்கில் வைத்தால் கசக்கும்,
பேதிக்குக் குடிக்கிற உப்பின் அதே கசப்பு.
வாயில் வைக்கக் கூடாதென்று ஸ்டோர் கதவில்
நான்கு மொழியில் எழுதியிருக்கிறது.
நாக்கு எதையும் படிப்பதில்லை.

அக்டோபரில் வந்த மூட்டை கசக்கவில்லை.

சுவரை நக்கியது போலிருந்தது.
"மழை ஈரம் ஏறியிருக்கும், இந்திராவதி"
என்றார் கிராணி ஜெயசீலன், கணக்கிலிருந்து தலை தூக்காமல்.
"சளி பிடிச்ச நாக்கு" என்றார் மண்டோர்.
போட்டோம். போடச் சொன்னதைப் போட்டோம்.

தைப்பூச லீவு முடிந்து திரும்பியபோது
பதினாலாம் நம்பர் காட்டில் அடிமட்டைகள் மஞ்சள்.
வெயில் பட்ட ஓலை ஆரஞ்சுப் பழமாய்ப் பழுக்க,
மேல் ஓலையின் நிழல் விழுந்த இடம் மட்டும்
பச்சையாகவே இருந்தது,
வளையல் கழற்றிய கைபோல.

எங்கள் காட்டுக்குப் பின்னால் ஒரு மலை.
சரியாகச் சொன்னால், முக்கால் மலை.
கால்வாசி ஏற்கெனவே சிமெண்டாகிப் போய்விட்டது.
மிச்சமும் போகும்: பற்பசைக்கு, தாளுக்கு,
கோழித் தீனிக்கு, கோயில் மதிலின் வெள்ளைக்கு,
என் கொழுந்தன் மடிக்கும் வெற்றிலைக்கு.
சுத்துப்பட்டில் அதைவிட மலிவான மாவு கிடையாது.
ஒருநாள் மதியம், சோற்றுத் தூக்கைத் திறந்தபடி,
அந்த மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கொழுந்தனுக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் உண்டு.
பால் உறையவைக்கும் ஆசிட்டை
மீன்சாறு பாட்டிலில் வைத்திருப்பான்.
கேட்டேன். எதற்கென்று கேட்காமல் கொடுத்தான்.

முதலில் மலையடிச் சல்லியில் ஒரு சொட்டு.
சீறியது. நுரைத்தது.
பிறகு போன வருடத்து கீசரைட்டு,
மல்லிகைத் தொட்டிக்கென்று முடிந்து கொண்டுவந்தது.
சொட்டு விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது,
சத்தமே இல்லை.

சனிக்கிழமை சம்பள வரிசையில்
ஷஹீதுல் ஒரு மூட்டையைத் தோளில் கொண்டுவந்து போட்டான்.
யாரும் அவனிடம் சொல்லவில்லை.
நான் சாக்கைக் கீறி ஒரு பிடி அள்ளி
தகர மூடியில் கொட்டி ஊற்றினேன்.

எண்ணெயில் கடுகு விழுந்த மாதிரி
அப்படிப் பொரிந்தது.
வரிசை கலைந்து தலைகள் குனிந்தன.
கிராணி பேனாவுக்கு மூடி தேடினார்,
அது அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

யார் கலந்தது என்று கல் சொல்லாது.
தான் இன்னதென்று மட்டும் சொல்லும்,
அதுவும் சரியாகக் கேட்டால்.

மூட்டைகள் ஓர் இரவில் காணாமல் போயின.
புது லாரி வந்தது, கசந்தது என்கிறார்கள் பெண்கள்,
நான் ருசி பார்க்கவில்லை.
என்னை உதிரிப்பழம் பொறுக்க மாற்றிவிட்டார்கள்,
முதுகு வலிக்கிறது, சம்பளம் குறைவு.
மஞ்சளான மட்டை மறுபடி பச்சையாகாது,
அதை வெட்டிப் போட வேண்டியதுதான்.

பாட்டிலைக் கொழுந்தன் திருப்பிக் கேட்கவில்லை.
அடுப்படியில், உப்பு ஜாடிக்குப் பின்னால்,
இன்னும் கால்வாசி இருக்கிறது.